நெல்லுக்கு ஒரு கூரை கேட்டு

நெல் கொள்முதலுக்குப் பொறுப்பான அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குறுவை அறுத்த நெல்லோடு ஒன்பது இரவு கொள்முதல் நிலைய வாசலில் படுத்துக் கிடந்தவன் எழுதுகிறேன். களத்தில் இடமில்லாமல் ரோட்டோரம் கொட்டினேன். ஏற்கெனவே எடுத்த மூட்டைகள் லாரி வராமல் அடுக்கிக் கிடந்தன. அவை நகர்ந்தால்தான் எங்கள் முறை. நான்காம் நாள் மழை. தார்ப்பாய்க்கு மேலும் தண்ணீர், அடியிலும் தண்ணீர். வெயில் தலைகாட்டினால் கிண்டிக் காயவைப்போம். சாயங்காலம் மறுபடி தூறும். ஏழாம் நாள் ஈரப்பதம் பார்த்தார்கள். 20 சதவீதம். 17க்கு மேல் எடுக்க உத்தரவில்லையாம். அடிக்குவியலைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக முளை. என் மனைவி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் திரும்பக் கொட்டினாள்.

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருவது நீங்கள் அறியாததல்ல. நாங்கள் கேட்பது கூரை போட்ட களம்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியத்தை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1964இல் பிரதமர் சாஸ்திரி அவரிடம் உணவு, விவசாயத் துறையை ஒப்படைத்தபோது நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தது. கட்டுப்படியான விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லாமல் குடியானவன் புது விதையைத் தொடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். 1965இல் விவசாய விலைக் குழு வந்தது. இந்திய உணவுக் கழகம் வந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கள் தஞ்சாவூரில்தான் அமைந்தது. மறு ஆண்டு அதிக விளைச்சல் தரும் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை எதிர்ப்புக்கு நடுவே இறக்கினார். டெல்லியில் தன் பங்களாப் புல்தரையையே உழுது விதைத்தார். 1967 தேர்தலில் தோற்றுப்போனார். 1968இல் நாடு அதுவரை காணாத கோதுமை அறுவடை கண்டது.

அறுவடைக்கு வழிசெய்ய அவர் பதவிக்காலமே போதுமானதாக இருந்தது. அதை நனையாமல் வைக்க அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை என்றால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? உரம் கேட்டு வரிசை, பயிர்க்கடனுக்கு வரிசை. விளைந்த பிறகும் வாசலில் காவலா?

கோபத்தில் ஏதும் மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் சம்பா அறுப்பு. அதற்குள் எங்கள் நிலையத்துக்குக் கூரை போட்ட ஒரு களமும், எடுத்த மூட்டையை அன்றன்றே ஏற்ற லாரியும் தரும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்து உழவன் ஒருவன்