கெட்டிப்பாலுக்குள் இருக்கும் சீனி: துணைப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணிதத் துணைப்பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சித்தாள் எழுதித் தருவோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் உணவங்காடி நிலையத்தில் பானக் கடை வைத்திருக்கிறேன். மகள் உயர்நிலை நான்கு படிக்கிறாள். போன சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு முடிந்து நேரே கடைக்கு வந்தவள், கோப்பை கழுவும் தொட்டியருகே உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, இது நம் கடைக் கணக்கு."

கேள்வி இதுதான்: கோப்பிக் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கெட்டிப்பால் ஊற்றிய தே, அதாவது தேநீர், கேட்கிறார்கள். ஐந்தில் ஒருவர் சீனி வேண்டாம் என்கிறார். அடுத்து வருபவர் கெட்டிப்பால் தே, அதுவும் சீனியே இல்லாமல் கேட்பதற்கு நிகழ்தகவு என்ன? விடைத்தாளில் 1/2 × 1/5 = 1/10 என்றிருந்தது. மகள் பூஜ்யம் என்று எழுதி, சிவப்பு மையில் தப்புக்குறி வாங்கியிருந்தாள்.

பதினெட்டு ஆண்டுகளாகத் தே கலக்குகிறேன். கெட்டிப்பாலில் சீனி ஏற்கெனவே கரைந்திருக்கிறது. அதை நான் எப்படிப் பிரித்தெடுப்பேன்? யாராவது வெறுமனே "தே கோசோங்", அதாவது சீனி போடாத தே, என்றால், "சி கோசோங்கா, ஓ கோசோங்கா?" என்று திருப்பிக் கேட்பேன். முதலாவது இனிப்பில்லாத டின் பால் ஊற்றியது, இரண்டாவது பாலே இல்லாதது. மூன்றாவது வழி கிடையாது.

பால் சேர்க்காதவர்களைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நூறு கோப்பையில் 30 தே ஓ, 20 கோசோங் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஓ கோசோங் ஆறு கோப்பைதான் வரவேண்டும். ஆனால் அந்த 20 கோசோங்கில் ஒன்றுகூடக் கெட்டிப்பால் பக்கம் போக முடியாதே! அத்தனையும் ஓவிலும் சியிலும்தான் வந்து விழும். ஓவில் 14, சியில் 6 என்றால் விடை 14/100. பெருக்கிக் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சரியான வழி 30/100 × 14/30. அதாவது, தே ஓ கேட்டவர்களை மட்டும் தனியே நிறுத்தி, அவர்களில் எத்தனை பேர் சீனி வேண்டாம் என்றார்கள் என்று எண்ண வேண்டும்.

பெருக்கலோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைப் பெரியவர் வாரந்தவறாமல் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுக்கிறார். அங்கே முதல் இலக்கம் 7 என்று தெரிந்தாலும் அடுத்ததைப் பற்றி ஒரு துப்பும் கிடைக்காது. 1/10ஐ நான்கு முறை பெருக்கி, முதல் பரிசுக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். (சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.)

கோப்பைக் கணக்கில் தப்பினால் ஒரு மதிப்பெண்தான் போகும். 1964இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மூதாட்டியின் கைப்பையைப் பறித்த வழக்கில் இதே தவறு ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. பறித்த இணையின் அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு: மஞ்சள் கார் 1/10, மீசை வைத்த ஆண் 1/4, குதிரைவால் கூந்தல் 1/10, பொன்னிறக் கூந்தல் 1/3, தாடி வைத்த கறுப்பின ஆண் 1/10, காரில் வேற்றின இணை 1/1000. அரசுத் தரப்பு வழக்கறிஞர் தாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை. எல்லாவற்றையும் பெருக்கி, இப்படி ஓர் இணை அமைய 1 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்றார். தாடி வைத்தவர்களில் பலருக்கு மீசையும் இருக்குமே என்பதை அந்தப் பெருக்கல் கணக்கில் எடுக்கவில்லை. 1968இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'காலின்ஸ் வழக்கு' என்று தேடினால் கிடைக்கும். வகுப்பில் ஒரு நாள் அதைச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இருக்கிறது. 2020இல் சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால், தமிழ் பேசும் இந்தியர் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் தேறுவார்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவர் இதை நம்புவாரா?

நான் கேட்பது சிறிய காரியம். இரண்டு தன்மைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் கேள்வியிலேயே அதை எழுதிவிடுங்கள். சார்ந்தவை என்றால் அட்டவணை ஒன்று கொடுங்கள், பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். 'இதற்கும்' 'அதற்கும்' நடுவே 'மற்றும்' வந்தாலே பெருக்கு என்று மட்டும் பழக்காதீர்கள்.

மகள் இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். சாதாரண நிலைத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், 1/10 என்று எழுதிவிட்டுக் கீழே கெட்டிப்பாலைப் பற்றி ஒரு வரி எழுதலாமா, கூடாதா? அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குள் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஈசூன் பானக் கடைக்காரன்