சேகர் மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லையாம்

மாப்ள சேகர்,

இங்கே நெதர்லாந்தில் எல்லாரும் நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

உன் வாய்ஸ் நோட்டுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, கோபம். "நெதர்லாந்தா? உலகக் கோப்பைக்கு உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவை அழவைக்க மட்டும் வருமே, அந்த டீமா?" என்று ஒரு சிரிப்பு சிரித்தாய் பார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், யாழினியும் கேட்டுவிட்டாள். "சேகர் மாமாவுக்கு ஒண்ணுமே தெரியலப்பா" என்று போய்விட்டாள். இனி உன்னைத் திருத்துவது என் பொறுப்பு. டீ போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் செய்தி. யாழினியைப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா என்று கிளப் கோச் கேட்டிருக்கிறார். அதே ஆஃப் ஸ்பின்தான், நீ மொட்டை மாடியில் ரப்பர் பந்தில் சொல்லிக்கொடுத்தது. வீட்டில் இரண்டு கட்சி. அவள் அம்மா எதிர்க்கட்சி. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. அது பிறகு.

நெதர்லாந்துக்காரர்களுடைய கிரிக்கெட் போர்டு 1883-ல் ஆரம்பித்தது. நம்முடையது 1928-ல். ஹேக் நகரத்தில் 1878-லேயே தொடங்கி இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கிளப் இருக்கிறது. அதன் மைதானத்தில்தான் 1964-ல், இங்கிலாந்தில் ஆஷஸ் முடித்த கையோடு வந்த பாப் சிம்ப்சனின் ஆஸ்திரேலியாவை மூன்று விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். ஆடியவர்கள் எல்லாம் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு சனி, ஞாயிறு பேட் பிடிக்கிறவர்கள். அப்புறம் கால்பந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, அது வேறு கதை.

உலகக் கோப்பைக்கு வர 1996 ஆனது. தொடக்க ஆட்டக்காரர் நோலன் கிளார்க்குக்கு அப்போது 47 வயது. பார்படாஸ்காரர். அதே அணியில் பெஷாவரில் இங்கிலாந்துக்கு எதிராக அரைசதம் அடித்த பாஸ் ஸைடரெண்டுக்குப் பதினெட்டு. நம் தெரு டீமில் பாய் கடை மாமாவும் நீயும் ஓபனிங் இறங்கினது ஞாபகம் வருகிறதா?

இந்த அணியைப் புரிந்துகொள்ள 2014 ஒன்று போதும். ஜனவரியில் தகுதிச்சுற்றில் தோற்று ஒருநாள் போட்டி அந்தஸ்தே பறிபோனது, அதாவது இனி ஆடுவது சர்வதேச ஒருநாள் ஆட்டமாகக் கணக்கில் வராது. மார்ச்சில் வங்கதேசத்தில் டி20 உலகக் கோப்பை. சில்ஹெட்டில் அயர்லாந்து 189. மேலே போக வேண்டுமானால் 14.2 ஓவருக்குள் அடித்தாக வேண்டும். 13.5 ஓவரில் முடித்தார்கள். அடுத்த மேட்ச் சிட்டகாங்கில், இலங்கைக்கு எதிராக 39 ஆல் அவுட். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவார்கள் என்று பார்த்தால், ஒரு வாரம் கழித்து அதே சிட்டகாங்கில் இங்கிலாந்தை 88-க்குச் சுருட்டினார்கள். இவ்வளவுக்கும் ஒருநாள் அந்தஸ்து திரும்ப வர 2018 ஆனது. இங்கிலாந்தை நீ இரண்டு முறை உலகக் கோப்பையில் அடித்தாலும் சரி (முதலாவது 2009, லார்ட்ஸ், கடைசிப் பந்தில் ஓவர் த்ரோ), உனக்கு மேட்ச் தர மாட்டோம் என்றால் என்ன நியாயம் மாப்ள?

கொஞ்ச காலம் ஒரு வழி திறந்தது. 2020-லிருந்து 2023 வரை, உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்காக நடந்த சூப்பர் லீக்கில் பெரிய அணிகளோடு 24 ஒருநாள் ஆட்டங்கள். 13 அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ஆம்ஸ்டெல்வீனில் இங்கிலாந்து 498 அடித்த அன்று நானும் யாழினியும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். மைதானத்தைச் சுற்றிக் காடு. சிக்ஸர் போன பந்தைத் தேடி ஃபீல்டர்கள் புதருக்குள் இறங்கிவிட்டார்கள், சர்வதேச மேட்ச்சில்! ஆனால் அந்த அடியெல்லாம் வாங்கித்தான் பழகினார்கள். பழகி முடிக்கும்போது சூப்பர் லீக்கை ஒரே சீசனோடு இழுத்து மூடிவிட்டார்கள்.

அது முடிந்த கையோடு 2023 ஜிம்பாப்வே தகுதிச்சுற்று. முக்கியமான பல பேர் இங்கிலாந்து கவுண்டி அணிகளோடு இருந்த ஒப்பந்தம் காரணமாக வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் ஹராரேயில் வெஸ்ட் இண்டீஸின் 374-ஐ சமன் செய்தார்கள். சதம் அடித்தது தேஜா நிடமனுரு, விஜயவாடாவில் பிறந்தவர். சூப்பர் ஓவரில் லோகன் வான் பீக் ஜேசன் ஹோல்டரை 4, 6, 4, 6, 6, 4 என்று அடித்துவிட்டு, பந்தையும் தானே வாங்கி மேட்ச்சை முடித்தார். அடுத்து புலவாயோவில் ஸ்காட்லாந்து: பாஸ் டி லீடே 5 விக்கெட், 92 பந்தில் 123 ரன், இந்தியாவுக்கு டிக்கெட். அவர் அப்பா டிம் யார் தெரியுமா? 2003-ல் பார்ல் மைதானத்தில் நம் ஆட்களில் நாலு பேரைத் தூக்கி மேன் ஆஃப் தி மேட்ச் வாங்கினாரே, அவரேதான். நீ டெண்டுல்கர் அவுட்டானதும் ஹாஸ்டல் டிவியை அணைத்த அன்று.

இனி உன் ஊர் சங்கதி. 2020-ல் டி20 உலகக் கோப்பை தள்ளிப்போனபோது, இன்று ஃபைனல் ஆடியிருக்க வேண்டிய நாளில் உபர் ஈட்ஸ் டெலிவரி செய்கிறேன் என்று பால் வான் மீக்கரென் எழுதியிருந்தார். வேகப்பந்து வீச்சாளர், தேசிய அணி. மூன்று வருடம் கழித்து இந்த அணி இந்தியா வந்தபோது நெட் பவுலர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. தேர்வானவர்களில் ஒருவர் சென்னையில் ஸ்விக்கி ஓட்டிக்கொண்டிருந்த பையன். அந்த உலகக் கோப்பையில்தான் தர்மசாலாவில் தென்னாப்பிரிக்கா விழுந்தது. ஈடன் கார்டனில் வங்கதேசத்துக்கு எதிராக வான் மீக்கரென் 23 ரன்னுக்கு 4 விக்கெட். நீ தென்னாப்பிரிக்கா விழுந்ததைச் சிரிப்பாகச் சொன்னாய். எனக்கு அந்த டெலிவரி வேலையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஏனென்றால் யாழினிக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். எனக்குத் தெரியாத ஒன்றையும் அவள்தான் சொன்னாள்: இந்த நாட்டின் ஆண்கள் அணி இதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை, பெண்கள் அணி ஆடியிருக்கிறது. 2007, ராட்டர்டாம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஒரே ஒரு டெஸ்ட், தோல்வி. அதோடு சரி. "ரெண்டாவது டெஸ்ட்ல நான் இருப்பேன்" என்கிறாள். அந்த டெஸ்ட் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

கிளப்பில் நடப்பதை நீ பார்க்க வேண்டும். சிமென்ட் மேல் விரித்த செயற்கைப் புல் பிட்ச். பக்கத்தில் கால்பந்துக்கு ஐந்து மைதானம், நமக்கு மூலையில் ஒன்று. பெற்றோர் முறை வைத்து கேன்டீனில் நிற்க வேண்டும். என் முறை வரும்போது சீஸ் வைத்த ரொட்டியைச் சுடுவேன், ஓவருக்கு ஓவர் ஓடிவந்து ஸ்கோர் எழுதுவேன். மழை வந்தால் எல்லாரும் சேர்ந்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிப் பிழைப்பாள்? ஆண்களிலேயே முழுநேர ஒப்பந்தம் ஒரு கைப்பிடி பேருக்குத்தான். பெண்களில் பாதிப்பேர் படித்துக்கொண்டோ வேலைக்குப் போய்க்கொண்டோதான் ஆடுகிறார்கள். "ப்ளஸ் டூ மாதிரி ஒரு பரீட்சை வரப்போகுது, இப்போ முகாமா?" என்கிறாள் அவள் அம்மா. அதில் தப்பு சொல்ல முடியவில்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்பதைச் சிரிக்காமல் படி. நீ செகண்ட் டிவிஷன் லீக் ஆடிக்கொண்டிருந்தாய். அந்த சீசன் பாதியில் பேங்க் பரீட்சைக்கு என்று விட்டாய். மாமா உன் கிட்டைத் தூக்கிப் பரணில் போட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. வேலை கிடைத்தது, வீடு கட்டினாய், எல்லாம் சரி. ஆனால் உனக்கு அது சரியாகிவிட்டதா? ஆமென்றால் அவளை நிறுத்திவைக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். இல்லையென்றால் அதையும் மழுப்பாமல் சொல். அவள் உன் பேச்சுக்குத்தான் காது கொடுப்பாள், நானும்தான்.

முகாமுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் 28. வாய்ஸ் நோட் வேண்டாம், யாழினி கேட்டுவிடுவாள். எழுது.

உன்,
ரவி

பி.கு.: தீபாவளிக்கு வரும்போது ஆரஞ்சு ஜெர்சி ஒன்று உனக்குக் கொண்டுவருகிறாளாம். சைஸ் கேட்கிறாள். தொப்பையையும் சேர்த்து அளந்து அனுப்பு.