கழுவினால் மட்டும் போதுமா, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு வலியைப் பற்றியும் பையனின் பரீட்சையைப் பற்றியும் அடுத்த தடவையாவது விவரமாக எழுது. இத்தனை மாதம் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ரிமோட்டில் ஓடுகிற ஒரு ஆர்.சி. காரையும் துண்டுச் சீட்டையும் அனுப்புகிறவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். "சத்தம் வருது, பாரு. ஒவ்வொரு தடவையும் நல்லாக் கழுவித்தான் வைக்கிறேன்" என்று பெருமை வேறு!

அதுதான்டா கோளாறே. கழுவுகிறாய், காய வைப்பதில்லை.

முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். 5-க்கு 11 மில்லிமீட்டர் பேரிங். விரல் நுனியில் வைத்துச் சுண்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இது கரகரவென்று அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. ஊசியால் ரப்பர் மூடியை நெம்பினேன். உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை, செங்காவி நிறத்தில் பசைபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஹோஸ் பைப்பை அழுத்திப் பிடித்து வேகமாக அடித்திருக்கிறாய். அந்த வேகத்தில் மூடியைத் தாண்டி நீர் உள்ளே போய்விடும். உள்ளே விட்ட அதே மூடி வெளியே விடாது. அலமாரிக்குள் அது சாவகாசமாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

'வாட்டர்ப்ரூஃப்னு பெட்டியிலேயே போட்டிருக்கே' என்பாய். அது ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்கும் சொன்னது. இரும்புக்கு யார் உறுதி கொடுத்தார்கள்?

நம்ம வாத்தியாரை நினைத்துக்கொள். ஓட்டி முடித்து நாமெல்லாம் கிளம்பின பிறகும் பழைய பல் பிரஷோடு குந்தியிருப்பாரே! 'பொண்ணு அலங்காரம் முடிஞ்சுதா?' என்று கிண்டல் பண்ணினவன் நீ. அவர் செய்ததுதான் சரி. சேறு ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இடுக்குக்குள்தான் போகும். காய விட்டு பிரஷால் தட்டினால் முக்கால்வாசி தானே உதிர்ந்துவிடும், தண்ணீரே தேவைப்படாது. அப்படியும் போகாததற்கு மோட்டார் சூடு ஆறின பிறகு, மெதுவாக விழும் தண்ணீர் போதும். கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் மட்டும் யோசிக்காமல் நல்ல தண்ணீரில் அலசிவிடு, உப்பு ஒரு ராத்திரி தங்கினாலே வேலையைக் காட்டிவிடும்.

அதற்கப்புறம்தான் நீ செய்யாத வேலை வருகிறது. காற்றடித்து இடுக்கில் இருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். டயருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும், துளையைக் கீழே திருப்பி வடிய விடு. அடுத்து டபிள்யூடி-40. 1953-ல் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த சரக்கு அது, ஈரத்தை விரட்டும். ஆனால் அதையே எண்ணெய் என்று நம்பிவிடாதே, பேரிங்கில் அது நிலைக்காது. பேரிங்கைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இந்த ஒரு வேலையில் எனக்கு அலுப்பே வராது. கரகரத்தது மறுபடி சத்தமில்லாமல் சுழலும்போது வரும் சந்தோஷத்தை வீட்டில் யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

நீ எழுதின சத்தத்துக்கு இன்னொரு காரணமும் அகப்பட்டது. மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவில் மிளகளவு கல். அது இரண்டு பல்லைத் தின்றிருக்கிறது. குலுக்கலைத் தாங்கும் ஷாக் தண்டுகளிலும் மணல். துடைக்காமல் ஓட்டினால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை அறுத்து உள்ளே இருக்கும் எண்ணெயைக் கசிய விடும். ஓட்டி முடித்ததும் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அப்புறம், மோட்டாருக்கு அடிக்கிற கிளீனர் ஸ்ப்ரேயை பாடி மேல் அடிக்காதே, அதன் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இதுவரை கிண்டல். இனி எழுதப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. பாடியைத் தூக்கினால் பேட்டரி வயரோடு உள்ளேயே இருக்கிறது, வயிறு உப்பிப்போய். லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி அது, மாப்பிள்ளை. சுவிட்சை அணைத்தாலும் இ.எஸ்.சி. சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டது. உப்பினதை நீ சார்ஜரில் மாட்டியிருந்தால் தீப்பிடித்திருக்கும் அபாயம் உண்டு. பையன் படுக்கும் அறை அலமாரியில்தானே இதை வைப்பாய்? ஓட்டி முடித்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. சேறு, சகதி எல்லாம் அப்புறம். எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கட்டும், 4.2 வரை நிரப்பி வைக்காதே. உப்பினதை இங்கே பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். வீட்டில் இதே போல இன்னொன்று இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடு. இதில் சோம்பல்படாதே.

பேரிங் அத்தனையையும் மாற்றி, ஸ்பர் கியரும் புதிதாகப் போட்டு அனுப்புகிறேன். பணம் பற்றிப் பேசினால் காரை வாத்தியாரிடம் கொடுத்துவிடுவேன், அவர் திருப்பித் தர மாட்டார். பேட்டரி மட்டும் நீயே வாங்கு, பிளக் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பெரிசு

பி.கு.: பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்பை (டிஃபரென்ஷியல்) இன்னும் திறக்கவில்லை. திறந்த பிறகு தனியாகத் திட்டி எழுதுகிறேன்.