நம்ம ஸ்கூல் மர சேப்பல் பத்தி பெற்றோருக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

போன பி.டி.ஏ. மீட்டிங்ல நெறைய பேரு கேட்டீங்க, பிரேயர் நடக்குற பழைய மர சேப்பல இடிச்சிட்டு காங்கிரீட்ல ஹால் கட்டலாமேன்னு. நிர்வாகத்துல பேசி முடிவு பண்ணிட்டோம், இடிக்கப் போறதில்ல, ரிப்பேர்தான். எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம்.

1834ல அமெரிக்க மிஷன்காரங்க யாழ்ப்பாணத்துலேருந்து மதுரைக்கு வந்தாங்க, அப்புறம் பசுமலைல மிஷன் ஊழியர்களுக்குப் பயிற்சி குடுக்குற செமினரி, 1881ல அங்கயே காலேஜ், அதுதான் பின்னாடி தல்லாகுளம் பக்கம் வந்து இன்னைக்கு அமெரிக்கன் கல்லூரியா இருக்கு. அங்க மெயின் ஹால் செங்கல்ல கம்பீரமா நிக்குது, டிசைன் பண்ணவரு ஹென்றி இர்வின். நம்மள மாதிரி சின்ன ஸ்கூலுக்கு அந்த வசதி ஏது, நம்ம சேப்பல தேக்குத் தூணு, பனங்கை, சீமை ஓடு வச்சே கட்டிட்டாங்க.

மரம்னா மக்கிடும்னு பயப்படுறீங்க. நார்வேல போர்குண்ட்னு ஒரு ஊர்ல முழுக்க மரத்துல கட்டின சர்ச் 1200க்கு முன்ன பின்ன கட்டினது, இன்னும் நிக்குது. அந்த நாட்டுல அதுக்கு முன்னாடி தூண நேரா மண்ணுல நட்டாங்க, அடி மக்கிப் போச்சு, அப்புறம்தான் கல்லு வரிசை போட்டு அதுமேல உத்திரம் வச்சு தூண நிறுத்துனாங்க, மேல தாரும் பூசுனாங்க. இங்கிலாந்துல கிரீன்ஸ்டெட் சர்ச்சுலயும் பழைய ஓக் மரங்களோட அடி கெட்டுப்போனப்ப மொத்தத்தையும் தூக்கிப் போடல, கெட்ட அடிய மட்டும் அறுத்துட்டு செங்கல் வரிசை மேல நிறுத்துனாங்க, 1848 வாக்குல.

நம்ம ஆசாரி சொன்னதும் அதேதான். வைரம் பாஞ்ச தேக்க கறையான் அவ்வளவா தொடாது, ஆனா சிமெண்ட் தரை போட்டப்ப தூணோட அடியையும் சேத்துப் பூசிட்டதால ஈரம் வெளிய போக வழியில்லாம அடி மட்டும் கெட்டிருக்கு. அந்த சிமெண்ட உடைச்சு, கெட்டத அறுத்து, கல்லு வச்சு நிறுத்தப் போறோம். கூரை ஓடுகளையும் மாத்துறோம், மேல ஒழுகுனா கீழ என்ன செஞ்சும் நிக்காது.

ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும். வேலை முடியுற வரைக்கும் பிரேயர் வேப்பமரத்தடியில நடக்கும், பிள்ளைங்கள சேப்பல் பக்கம் போகவேணாம்னு வீட்லயும் சொல்லுங்க.

உங்கள்ல பலபேரு இங்கயே படிச்சவங்க. சேப்பல் முன்னாடி எடுத்த பழைய குரூப் போட்டோ வீட்ல இருந்தா கண்டிப்பா குடுத்து விடுங்க, முன்வாசல் தாழ்வாரம் மொதல்ல எப்படி இருந்துச்சுன்னு ஆசாரி பாக்கணும்ங்கறாரு. ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்