குவாதலூப் வண்டுக்காக உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவின் மலைக்காட்டில் வாழும் ஒரு நீள்கொம்பு வண்டு, இதுவரை யாரும் விவரித்துப் பெயர் வைக்காத இனம், இனி அறிவியலின் கணக்கில் வந்துவிடும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்த இடம் ஐந்தாறு வரிதான். அதில் பெயர்களை வரிசையாக அடுக்கலாமே தவிர, யார் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் இந்த மடல். பிரெஞ்சில் தனியாக ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இது தமிழில் படிக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பார்க்கும்போதெல்லாம் "அந்த வண்டு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்த காரைக்கால் நண்பர்களுக்கு.

வண்டின் பெயரை இங்கே எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, விவரிப்போடும் மூல மாதிரியோடும் (அந்தப் பெயருக்கு அடையாளமாகப் பத்திரப்படுத்தும் ஒற்றை மாதிரி) சேர்ந்து முறையாக வெளியானால்தான் ஒரு பெயர் செல்லும். அதற்கு முன்பே எங்காவது வெளியே வந்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வீண் குழப்பம். கட்டுரை வெளியாகிற அன்றே சொல்லிவிடுகிறேன்.

நீள்கொம்பு வண்டு என்றால் பலருக்குப் புரியாது. ஆனால் வீட்டில் மாமரம் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தண்டைக் குடைந்து தூள்தூளாக வெளியே தள்ளுமே அந்தத் தண்டுத் துளைப்பான், அதுவும் இந்தக் குடும்பம்தான். உலகம் முழுக்க 35,000 இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை யார் தோட்டத்துக்கும் வருவதில்லை, காட்டில் செத்துக் கிடக்கும் கட்டையையும் கிளையையும் புழுப் பருவத்தில் தின்று மண்ணோடு சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. நம்முடையதும் அந்த ரகம். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, கொம்பு மட்டும் உடம்பைவிட நீளம். சாம்பலும் பழுப்புமாக இருப்பதால் பாசி படிந்த பட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்குத் தட்டுப்படாது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் ஆளே வேறு. கண் உருண்டையாக இல்லாமல் கொம்பின் அடியைச் சுற்றி அவரைவிதை மாதிரி வளைந்திருக்கிறது. இறக்கை உறையின் பின்பாதியில் வெள்ளை மயிரால் ஆன ஒரு கோணல் பட்டை, அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்பு மயிர்க்குஞ்சம். உயிரோடு இருப்பதை விரலில் பிடித்தால் தலையையும் முன்மார்பையும் மேலும் கீழும் ஆட்டிக் 'கிறீச் கிறீச்' என்று சத்தம் போடும். முன்மார்பின் உள்விளிம்பு, பின்னால் இருக்கிற நுண்ணிய வரிகள்மேல் உரசுவதால் வருகிற சத்தம் அது. அந்தச் சத்தத்தை முதன்முதலில் காதுக்கருகில் வைத்துக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் தேசியப் பூங்காவின் காவலர்களுக்கு. குவாதலூப் என்பது ஒட்டி ஒட்டிக் கிடக்கும் இரண்டு பெரிய தீவுகள்: கிழக்கே சுண்ணாம்புப் பாறையும் காய்ந்த காடுமாக கிராந்த்-தேர், மேற்கே எரிமலையும் விடாத மழையுமாக பாஸ்-தேர். நடுவில் ஓடுவது ஒரு குறுகிய கடற்கால்வாய். பாஸ்-தேரின் மலைக்காடு 1989 முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்க முடியாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இராமல், எந்தச் சரிவில் போன புயலில் மரம் விழுந்தது, எந்தப் பாதை மழையில் சரியும் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுத்தீர்கள். விழுந்த மரம் இருக்கிற இடத்தில்தான் இந்த வண்டுகளும் இருக்கும். நீங்கள் குறித்துக் கொடுத்த அந்தப் புள்ளிகளில் ஒன்றில்தான் எங்கள் முதல் ஆண் வண்டு கிடைத்தது.

அடுத்து பாஸ்-தேரில் கபெஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவருக்கு. ஐயா, இதை உங்கள் பேத்தி மொழிபெயர்த்துப் படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். கார்பே அருவிகளுக்குப் போகும் வழியில் காட்டை ஒட்டி இருக்கிறது இவர் நிலம். வண்டு ஆராய்ச்சி என்று யாராவது வந்து நின்றால் அந்த ஊரில் கதவைச் சாத்திக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. வாழைக் கூன்வண்டை ஒழிக்கிறோம் என்று குளோர்டெகோன் மருந்தை 1972 முதல் 1993 வரை குவாதலூப், மார்த்தினிக் இரண்டு தீவுகளிலும் தோட்டம் தோட்டமாகப் போட்டார்கள். கூன்வண்டு ஒழியவில்லை, மருந்து மட்டும் இன்றைக்கும் மண்ணில், ஆற்றில், மீனில், ஆட்களின் ரத்தத்தில் இருக்கிறது. அந்த மண்ணிலேயே வாழ்க்கை நடத்துகிறவர், எங்கள் விளக்குப் பொறிக்குத் தன் கொட்டகையிலிருந்து மின்சாரம் கொடுத்தார். ராத்திரி வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தால் அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவர் செய்த இன்னொரு உதவிதான் கட்டுரையின் முதுகெலும்பு. காய்ந்த கிளையைத் தடியால் தட்டிக் கீழே விரித்த துணியில் விழுவதைப் பொறுக்கினால் வண்டு கிடைக்கும், ஆனால் அது எந்த மரத்தைத் தின்று வளர்ந்தது என்று தெரியாது. அது தெரிய வேண்டுமானால் புழு குடைந்த கிளைகளை அறுத்து வந்து, வலை போட்ட பெட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, வண்டு தானாக வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்தக் கிளை என்ன மரம் என்று தெரிய வேண்டுமே! இலை கிடையாது, பூ கிடையாது, பாதி உளுத்துப்போன குச்சி. இவர் இடுப்பில் இருந்த கத்தியை எடுத்துக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார், மூக்குக்குக் கொண்டுபோனார், "கோமியே" என்றார். காட்டில் பிசின் வடிக்கும் பெரிய மரம் அது, அந்தத் தீவுகளின் ஆதிக்குடிகள் தோணி குடைந்த மரம். பிறகு மரத்தசையைச் சீவி நுண்ணோக்கியில் சரிபார்த்தோம், அவர் சொன்னது சரிதான். புழு வளரும் மரத்தின் பெயரோடு ஒரு புது நீள்கொம்பு வண்டை விவரிக்க முடிவது பெரிய விஷயம். எத்தனையோ இனங்கள் விளக்குக்கு வந்தது என்ற ஒரே ஒரு தகவலோடு பெட்டியில் கிடக்கின்றன.

அப்புறம் கபெஸ்தேர் பாட்டிக்கு. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் இந்தியக் கூட்டத்தை குவாதலூப்பில் இறக்கியது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அதன்பின் கப்பல் கப்பலாகப் போனார்கள். அப்படிப் போனவர்களின் வழிவந்தவர் பாட்டி. தமிழ் பேச வராது, மாரியம்மனைக் கும்பிடுவார். என் ஊர் காரைக்கால் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து நான் அவர் வீட்டுப் பிள்ளை. கோழி கொலம்போவும் (அங்கத்து மசாலாக் குழம்பு) சோறும் போட்டதற்கு மட்டுமல்ல, பின்கட்டு முழுக்க எங்கள் கிளைப் பெட்டிகளை வைக்க இடம் கொடுத்து, நாங்கள் பாரிஸ் திரும்பிய பிறகும் தினமும் காலையில் பெட்டிகளைப் பார்த்து, வெளியே வந்த வண்டைக் குப்பியில் போட்டுத் தேதியும் பெட்டி எண்ணும் எழுதி வைத்ததற்கு நன்றி பாட்டி. அந்தச் சீட்டுகள் இல்லையென்றால் இந்த வண்டு எந்த மாதம் வெளிவருகிறது என்று ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. சீட்டுகளை அப்படியே மாதிரிகளோடு ஊசியில் குத்தி வைத்திருக்கிறோம். இனி அந்த வண்டுகளைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் உங்கள் கையெழுத்தையும் பார்ப்பார்கள்.

பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வண்டுப் பிரிவுத் தோழிக்கு ஒரு தனி நன்றி. நான் ஆண் வண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தீவு இனம் ஒன்றின் பெயரில் இருந்த இழுப்பறையிலிருந்து நம் இனத்தின் ஒரு பழைய பெண் வண்டை எடுத்து வந்து மேசையில் வைத்தீர்கள். 1989 செப்டம்பர் ஹ்யூகோ புயலுக்கு முன்பு யாரோ பிடித்தது. ஊர், உயரம், தேதி மூன்றையும் பொடி எழுத்தில் பிசகில்லாமல் எழுதி வைத்திருந்தார் அந்த முகம் தெரியாத மனிதர், அவருக்கும் நன்றி. பக்கத்துத் தீவுகளான தொமினிக்காவிலும் மார்த்தினிக்கிலும் நம் வண்டின் நெருங்கிய சொந்தங்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆண் வண்டின் அடிவயிற்றைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை கிளிசரின் சொட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அந்தக் கைவேலையை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். லண்டனிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் மூல மாதிரிகளைப் படம் எடுத்து அனுப்பியவர்களுக்கும் நன்றி.

படம் வரைந்த புதுச்சேரி தம்பிக்கு: உன் கோட்டோவியத்தைப் பார்த்துவிட்டு, கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒருவர் "இதை முழுப்பக்கம் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். மயிர்க்குஞ்சத்தில் ஒவ்வொரு மயிரும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீ போனில் என்னைக் குடைந்தெடுத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

மூல மாதிரி பாரிஸில் இருக்கும். துணை மாதிரிகளில், அதாவது அதோடு சேர்த்து விவரித்த மற்ற வண்டுகளில், பாதி குவாதலூப்புக்கே திரும்பிப் போகிறது. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன், என்னோடு நின்ற சக ஆசிரியர்களுக்கு நன்றி. அந்தத் தீவில் பிறந்த பிள்ளை தன் தீவின் வண்டைப் பார்க்க ஏழாயிரம் கிலோமீட்டர் விமானத்தில் வர வேண்டும் என்பது என்ன நியாயம்?

அச்சுப்படி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நன்றிப் பட்டியலில் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால், அல்லது உங்கள் பெயரை இன்னொரு மாதிரி எழுத வேண்டும் என்றால், இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுதுங்கள். திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வண்டுக்காரன்