அக்காவுக்கு: அந்தப் பாட்டிலில் இருப்பது நீ கொடுத்தது அல்ல

அன்புள்ள அக்கா,

அடுத்த மாதம் வரும்போது எடுத்துச் செல்வதற்காக, ரொட்டியைப் பொங்க வைக்கும் புளித்த மாவான ஸ்டார்ட்டரைப் பட்டர் பேப்பரில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, நொறுக்கி வைக்கும்படி நேற்றுக் கேட்டாய். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. என்னிடம் இருப்பது, நீ மெல்பர்ன் புறப்பட்ட அன்று என் கையில் கொடுத்துச் சென்ற ஸ்டார்ட்டர் அல்ல. அது 2023 மே மாதமே கெட்டுப்போய்விட்டது. இப்போது ஃப்ரிட்ஜில் இருப்பது, அதே பாட்டிலில், அதே சிவப்பு ரப்பர் வளையத்தை மாட்டி, நான் புதிதாக வளர்த்தது.

இதை உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் பிறகும் இதே பக்கத்தில் ஒவ்வொரு ரொட்டிப் படத்தின் கீழும் 'அக்காவின் ஸ்டார்ட்டர்' என்றே எழுதி வந்திருக்கிறேன். பொய்யை எல்லோருக்கும் சொல்லிவிட்டு உண்மையை உனக்கு மட்டும் சொல்வது முறையாகாது. நம் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால், அந்த மே மாதம் நான் ஏன் ஒன்பது நாட்கள் வீட்டில் இல்லை என்பதை எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், அது போதும். சமையல் மேடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போன பாட்டிலில், நான் திரும்பி வந்தபோது, இளஞ்சிவப்புக் கோடுகள் படர்ந்திருந்தன. கறுத்த நீர் மட்டும் தேங்கியிருந்தால் அதை வடித்துவிட்டு, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, மாவும் தண்ணீரும் ஊட்டிப் பிழைக்க வைத்திருப்பேன். சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால் ஒரு துளிகூட மிச்சம் வைக்காதே என்று சொல்லிக்கொடுத்தவளே நீதான். கொட்டினேன்.

கிளம்பும் அவசரத்தில் அதை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளியிருக்கலாம், ஒரு சிட்டிகை உப்பாவது போட்டிருக்கலாம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உப்பு என்றதும் 2021 சித்திரையின் அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. மதுரை வெயிலில் உன் ஸ்டார்ட்டர் மூன்று மணி நேரத்துக்குள் பொங்கி, நீ கவனிப்பதற்குள் அமுங்கி, நெயில் பாலிஷ் ரிமூவர் போல் நெடியடித்தது. அதைக் கொண்டு பிசைந்த மாவு நான்கு முறை மடித்தும் உரம் பிடிக்காமல் தட்டில் வழிந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா பாட்டிலை முகர்ந்துவிட்டு, "வெயில் காலத்துல இட்லி மாவுக்கு ஆட்டின உடனே உப்புப் போட்டிருவோம்ல, இதுக்கும் போடு" என்று சொன்னபடியே, நீ அடுத்த வேளைக்குக் கரைத்து வைத்திருந்த மாவில் கல்லுப்பை நுணுக்கிப் போட்டுக் கலக்கினாள். "இதில் உப்பே போடக் கூடாது, தெரியாத விஷயத்தில் ஏன் கை வைக்கிறாய்?" என்று நீ கத்தினாய். அம்மா கரண்டியை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்று மதியம் அந்த மாவு இரண்டு மடங்காக உயர்ந்து, உச்சி குழியாமல், ஆறு மணி நேரம் நின்றது. நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய்.

வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் ஈஸ்டைப் பாக்டீரியா முந்திக்கொண்டு அமிலத்தைக் கூட்டிவிடும் என்பதையும், உப்பு அந்த வேகத்தைத் தணிக்கும் என்பதையும் நீ இப்போது உன் வகுப்புகளில் தெளிவாக விளக்குகிறாய். நானும் பார்க்கிறேன். மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு, கோடைக்கான என்னுடைய முறை, என்கிறாய். உன்னுடைய முறையா, அக்கா? ஆவணியில் அம்மா போய்விட்டாள். அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு உனக்கு நான்கு மாதங்கள் இருந்தன.

இதை எழுதும் உரிமை இன்று எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு. நீ வளர்த்ததை நான் காப்பாற்றவில்லை. அதைவிட, காப்பாற்றியதாக நடித்தேன். 2023-இல் நீ மெல்பர்னில் தனியாக இருந்தாய், வீடியோவில் பாட்டிலைக் காட்டச் சொல்லி, அது நுரைத்திருப்பதைப் பார்த்த பிறகே தூங்கப் போவாய். அந்த நேரத்தில் எப்படிச் சொல்லியிருப்பேன்?

புதியதும் எளிதில் வந்துவிடவில்லை. மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவில் தொடங்கினேன். இரண்டாம் நாள் பொங்கி, நான்காம் நாள் செத்ததுபோல் கிடந்து, பன்னிரண்டாம் நாள்தான் ரொட்டியைத் தூக்கும் வலு வந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டிக்காரர்களுக்கு ஒரே மாவைக் கொடுத்து ஸ்டார்ட்டர் வளர்க்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் அது வேறுபட்டதோடு, அவர்களுடைய கைகளில் இருந்த நுண்ணுயிர்களுக்கும் அதற்கும் தொடர்பு தெரிந்தது. உன்னுடையது பிழைத்திருந்தாலும் என் மாவும் என் கையும் பட்டு இதற்குள் என்னுடையதாக மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சமாதானம்தான், ஆனாலும் அதில் உண்மையும் இருக்கிறது.

அதில் முதலில் சுட்டது உன் கறிவேப்பிலைப் பூண்டு ரொட்டியைத்தான். பச்சைப் பூண்டு ஈஸ்டை முடக்கும் என்று நீ சொன்னபடியே தோலோடு சுட்டு மசித்து, கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்து, மாவை இரண்டாம் முறை மடிக்கும்போது சேர்த்தேன். உன்னுடையதைப் போலவே வந்தது, அக்கா. அறுத்தபோது அழுதேன்.

அடுத்தது முழுக்க என்னுடையது. 75 கிராம் கம்பு மாவில் 150 கிராம் கொதிநீரை ஊற்றிக் கூழாக்கி ஆறவைத்து, அதை 425 கிராம் கோதுமை மாவோடு சேர்த்துப் பிசைந்து, வதக்கிய சின்ன வெங்காயமும் பொரித்து நொறுக்கிய மோர்மிளகாயும் போடுகிறேன். கம்பில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது என்பதால் இந்த அளவுக்கு மேல் போனால் ரொட்டி நன்றாக எழும்பாது. மோர்மிளகாயிலேயே உப்பு இருப்பதால் 10 கிராமுக்குப் பதில் 8 கிராம் போதும். அம்மா கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பது இவை இரண்டும்தானே. அந்த ரொட்டியைப் பார்த்து நீ "என் ஸ்டார்ட்டரின் வாசனை இங்கேயே வருகிறது" என்று எழுதினாய். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ கேட்டபடி உலர்த்தி வைக்கிறேன். உறையின் மேல் என் பெயரையும் '2023 ஜூன்' என்பதையும் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுச் செல், வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எடுத்துச் சென்றால், கோடையில் உப்புப் போடச் சொல்லும் அந்த வகுப்பில் அது யார் சொன்னது என்பதையும் சொல்லிவிடு.

உன் தங்கை