முழுசா வாசித்துக் காட்டு

அன்புள்ள கார்த்திக்குக்கு அம்மா எழுதுவது.

இதைத் தமிழில் எழுதி, வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். உன் பள்ளிக்கூட ஈமெயிலுக்கு இனி நான் எதுவும் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று கேட்காதே. எழுத்து எங்காவது புரியாவிட்டால் மீனாவிடம் கொடு. ஞாயிறு தவறாமல் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு பலனாவது இருக்கட்டும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோடம்பாக்கம் அத்தையின் பேத்திக்கு நிச்சயமாகிவிட்டது, அதை அப்புறம் எழுதுகிறேன். மீனா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ போன் பண்ணாததற்குக் காரணம் வேலைதான் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். பொதுவாகத் தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

டெக்சாஸில் ஒரு வரலாற்று வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள். பதினோராம் வகுப்பு. அடிமை முறையை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார். இந்த ஜூலை நாலு சுதந்திர தினம் உங்களுடையது, என்னுடையது இல்லை, நீங்கள் கொண்டாடலாம், நான் துக்கம்தான் காக்க வேண்டும் என்கிற இடம் வருகிறது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் போனைத் தூக்குகிறான். அரை நிமிஷம்தான். ராத்திரிக்குள் அந்த அரை நிமிஷம் ஊரெல்லாம் போய்விடுகிறது. இந்த ஆள் எங்கள் பிள்ளைகளுக்குத் தேசத்தை வெறுக்கச் சொல்லித் தருகிறார் என்று சில பெற்றோர் மனு கொடுக்கிறார்கள். அந்த வாத்தியாருக்கு ஒரு அம்மா இருந்தால் என்ன கேட்பாள்? சாப்பிட்டாயா என்று கேட்பாள். அதற்கு அப்புறம், வாசித்ததை எங்கே நிறுத்தினாய் என்று கேட்பாள்.

ஏனென்றால் டக்ளஸ் அங்கே நிறுத்தவில்லை. ஆரம்பத்தில், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களைத் தைரியசாலிகள், பெரிய மனிதர்கள் என்று மனசாரப் புகழ்கிறார். கேட்கிறவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அடி விழுகிறது. முடிக்கும்போது அரசியல் சாசனத்தை எடுத்து, சரியாகப் படித்தால் இது விடுதலைக்கான மகத்தான ஆவணம் என்கிறார். இந்த நாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை என்று சொல்லித்தான் மேடையை விட்டு இறங்குகிறார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அவர் அதைச் சொன்ன வருஷத்தில் அடிமை முறை ஒழிந்திருக்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்காத பிள்ளை பாதி டக்ளஸைத்தான் கேட்டிருக்கிறது. முழுசா வாசித்துக் காட்டு. அதாவது, அந்த வாத்தியார் காட்ட வேண்டும்.

இந்த நாட்டில் தேசப்பெருமை பேசுகிறவர்கள் எல்லாரும் பாதியைத்தான் எடுக்கிறார்கள். நூலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் எனக்குத் தெரிந்துகொள்ள முடிந்தது அதுதான். 1989 ஜனவரியில் ரீகன் விடைபெற்றுப் பேசியபோது மலைமேல் ஒளிரும் நகரம் என்றாரே, அது 1630-இல், இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்களின் தலைவர் ஜான் வின்த்ராப் சொன்னது. ஒளியை ரீகன் தரப்பு சேர்த்தது. வின்த்ராப் பெருமையடிக்கவே இல்லை, எச்சரித்தார். எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கிறது, கடவுளுக்குக் கொடுத்த வாக்கில் தவறினால் உலகமே நம்மைக் கதையாகச் சொல்லும் என்றார். ஊர் சிரிக்கும் என்று உன் பாட்டி சொல்வாளே, அந்தப் பயம்தான். சரியோ தப்போ என் நாடு என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறி செனட்டர் ஆன கார்ல் ஷூர்ஸ் 1872-இல் அதற்கு ஒரு வால் சேர்த்தார்: சரியாக இருந்தால் அப்படியே காப்போம், தப்பாக இருந்தால் திருத்துவோம். அந்த வால் எந்தப் பனியனிலும் இல்லை. அமெரிக்கா நல்ல நாடாக இருப்பதால்தான் பெரிய நாடாக இருக்கிறது என்று, இந்த நாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் டோக்வில் சொன்னதாக ரீகன் மேடையில் சொல்லுவார். ஹிலாரி கிளின்டனும் அந்த வரியை விடவில்லை. டோக்வில் புத்தகத்தில் அந்த வரியே கிடையாது. அதைத் தேடித் தரச் சொல்லி ஒரு தாத்தா நூலகத்தில் என்னைப் படுத்திய பாடு உனக்கு ஞாபகம் இருக்கும்.

பேசுகிறவரை மாட்டிவிட நினைக்கிறவர்களும் பாதியைத்தான் எடுக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் நியூயார்க் கவர்னர் கூமோ, இந்த நாடு அப்படி ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை என்றார். இனிமேல்தான் அந்த இடத்தை எட்ட வேண்டும் என்று சேர்த்தே சொன்னார், அது யார் காதிலும் விழவில்லை. இரண்டே நாளில், அமெரிக்கா எப்போதும் பெரிய நாடுதான் என்று பல்டி அடிக்க வேண்டியதாயிற்று. மிஷெல் ஒபாமா 2008-இல், நான் பெரியவளான பிறகு முதல் தடவையாக என் நாட்டை நினைத்து உண்மையாகவே பெருமைப்படுகிறேன் என்றார். ஏன் என்று அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு 'முதல் தடவை' என்பதைப் பிடித்துக்கொண்டு எத்தனை மாதம் அடித்தார்கள். அவர்களுக்காவது பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஒரு வாத்தியாருக்கு யார் இருக்கிறார்கள்?

நம் பக்கம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஜாதகம்தான் எழுதுவார்கள். இந்தத் தேசத்துக்கு மூன்று எழுதி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். சுதந்திரப் பிரகடனம் வந்த 1776 வழக்கமான கணக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களை வர்ஜீனியாவில் இறக்கிய 1619-இலிருந்து பார்க்க வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸ் 2019-இல் எழுதியது. அதற்குப் பதிலாக ட்ரம்ப் 1776 கமிஷன் வைத்தார். அது அறிக்கை கொடுத்த சூட்டோடு சூடாக பைடன் வந்து கலைத்தார். 2025 ஜனவரியில் ட்ரம்ப் மறுபடி உயிர் கொடுத்தார். உங்கள் டெக்சாஸ் சும்மா இருக்குமா? மெக்ஸிகோவிலிருந்து பிரிந்த வருஷத்தின் பேரில் 1836 திட்டம் என்று 2021-இல் ஒரு சட்டம் போட்டு, டிரைவிங் லைசென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் டெக்சாஸ் பெருமையைச் சொல்லும் சின்னப் பிரசுரம் கொடுக்கச் சொன்னது. மீனாவுக்குக் கொடுத்தார்களா? அதே வருஷம்தான் பள்ளிகளில் இனம், அடிமை முறை பற்றி எப்படிப் பேசலாம் என்கிற சட்டமும் வந்தது. அதை நான் உட்கார்ந்து படித்தேன். முதலில் வந்த சட்டத்தில், பிள்ளைகள் படிக்க வேண்டியவை என்று போட்ட பட்டியலில் டக்ளஸ் நடத்திய நார்த் ஸ்டார் பத்திரிகையின் பெயரே இருந்தது. அந்த வாத்தியார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நீ மூன்றாம் வகுப்பில், கொடி உறுதிமொழியில் கடவுள் என்று வருகிறதே, எந்த சாமி, முருகனா என்று மிஸ்ஸைக் கேட்டாய். கடவுள் என்ற வார்த்தையை 1954-இல்தான் சேர்த்தார்கள் என்று நான் தேடிச் சொன்னேன். மறுநாள் போய் அதையும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வந்தாய். இந்த வாய் இன்றைக்கு வந்ததில்லை. இப்போது நீ வேலை பார்க்கும் ஊரில் தேசக்கொடிக்கு ஒன்று, டெக்சாஸ் கொடிக்கு ஒன்று என்று தினமும் இரண்டு உறுதிமொழி. எழுந்து நிற்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1943-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே. எனக்கு இந்த நாடு பெரிதாகத் தெரிவது நிலாவுக்குப் போனதால் இல்லை, இதனால்தான். நீ அதை வகுப்பில் எப்படிச் சொல்லித் தந்தாய் என்று முன்பு ஒருநாள் போனில் சொன்னாயே, அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

2024 ஜூலையில் மில்வாக்கியில் நடந்த ரிபப்ளிகன் கட்சி மாநாட்டில், துணை ஜனாதிபதி வேட்பாளராக வான்ஸ் பேசியதை நானும் அப்பாவும் பார்த்தோம். நம் ஓஹையோக்காரர். மனைவி தெலுங்குப் பெண். அமெரிக்கா என்பது வெறும் ஒரு கருத்து இல்லை, பொதுவான வரலாறு உள்ள ஒரு மக்கள் கூட்டம் என்றார். கென்டக்கியில் அவர் குடும்பத்துக் கல்லறையைப் பற்றிச் சொன்னார், தலைமுறை தலைமுறையாக அங்கே புதைந்தவர்களைப் பற்றிச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார், எனக்கே தொண்டையை அடைத்தது. அப்புறம் படுக்கையில் புரண்டுகொண்டே யோசித்தேன். நாம் எரித்துக் கரைக்கிறவர்கள். கல்லறைக் கணக்கு என்று வந்தால் நம்மிடம் என்ன இருக்கிறது? தாத்தாவை ஈரி ஏரியில் கரைத்தோம், அங்கே எந்தக் கல்லும் இல்லை. கருத்து என்று ஒன்று இருப்பதால்தான் கண்ணா, என்னையும் உன் அப்பாவையும் கிளீவ்லாந்து கோர்ட்டில் குடியுரிமை உறுதிமொழிக்குக் கையைத் தூக்கச் சொல்லி உள்ளே விட்டார்கள். அதை எடுத்துவிட்டால் பஞ்சாபிலிருந்து வந்த பகத் சிங் திந்த் கதைதான். அமெரிக்க ராணுவத்தில் சீருடை போட்டவருக்கே, நீ வெள்ளைக்காரன் இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இந்தியர்கள் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் மாறியது 1946-இல்தான்.

அப்பாவின் கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன தேங்க்ஸ்கிவிங் அன்று நீ அதைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரம்ப் ஆட்கள் போடும் சிவப்புத் தொப்பி எங்கே என்று கேட்டாய். அப்பா அதற்கு அப்புறம் தட்டில் கை வைக்கவில்லை. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்கே தெரியாது, நான் கேட்டதுமில்லை. அந்தக் கொடி 2001 செப்டம்பரில் வீட்டுக்கு வந்தது. அரிசோனாவில் மேசா என்ற ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சர்தாரைத் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் கொடி வாங்கி வரச் சொன்னது நான். அப்பா வேண்டாம் என்றார். இந்த நாட்டின் மேல் எனக்கு இருக்கிற மரியாதையை வாசலில் கட்டித் தொங்கவிட வேண்டுமா என்று கேட்டார். நான் அழுதேன். வாங்கி வந்தார். கார்க் கண்ணாடியில் ஒன்று ஒட்டச் சொன்னேன். உன் புத்தகப் பையில் ஒன்றை நானே தைத்தேன். நீ பதினோரு வயசுப் பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாய். இது நம் பெருமை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெருமை எங்கே இருந்தது? பயம்தான் இருந்தது. பஸ்ஸில் யாராவது உன் முகத்தைப் பார்த்தால் அதற்கு முன்னால் பையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த வருஷம் நீயே அதைப் பிரித்து எடுத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அப்பா மட்டும் இன்றுவரை காலையில் ஏற்றுகிறார், இருட்டினால் இறக்குகிறார், மழை வந்தால் ஓடுகிறார். எனக்காக ஆரம்பித்தவர், இப்போது தனக்காகச் செய்கிறார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. எனக்கு இன்னும் அந்தச் செப்டம்பர்தான் தெரிகிறது. இதில் எது தேசபக்தி என்று உன் பிள்ளைகள் கேட்டால் நீ சொல்லு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாயைக் குறைத்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குறைத்துக்கொள், தப்பில்லை. நீ எதிர்த்துப் பேசினால் திருத்தச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஊருக்குத் திரும்பிப் போ என்பார்கள். நீ பிறந்த ஊர் கிளீவ்லாந்து என்று அவர்களுக்கு யார் சொல்வது. ஆனால் குறைத்துக்கொள்கிறேன் என்று டக்ளஸை விட்டுவிடாதே. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசி, அவர் புகழ்கிற இடத்தையும் சேர்த்து.

விசாரணை, கூட்டம் என்று ஏதாவது வைத்தால் பேச்சு முழுவதையும் அச்செடுத்துக் கொண்டு போ. அவர்கள் அரை நிமிஷத்தைப் போட்டுக் காட்டினால், மீதியை வாசிக்கலாமா என்று மரியாதையாகக் கேள். டை கட்டிக்கொள். குரலை உயர்த்தாதே. ஆசிரியர் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறாயா? கட்டியிருந்தால் வக்கீல் உதவி கிடைக்கும் என்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள் என்றால் இன்ஷூரன்ஸ் எந்த மாதம் வரை ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு, மீனாவுக்கு அக்டோபரில் பிரசவம். அதை மட்டும் போன் பண்ணிச் சொல். அப்பா எடுத்தால் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே, அவரிடமே சொல்.

அம்மா